கடல் கடந்த கைக்குட்டை

மார்கழித் திங்களில் விடியற்காலைத் திருப்பலிக்கு வருவோர் பனிக்கு அஞ்சித் தலையில் எதையேனும் சுற்றிக்கொண்டு வருவது கடலூர்ப் பக்கத்தில் ஆண்டுதோறும் நாம் காணும் காட்சியே. கம்பளிக் குல்லாய், துண்டு, சேலைத் தலைப்பு எனப் பலவிதம். சென்ற ஆண்டு அவற்றின் நடுவே ஒரு பட்டுக் குட்டை நம் கண்ணில் பட்டது. கருநீலப் பின்னணியில் குதிரைகளும் சேணங்களும் கடிவாளங்களும் நுணுக்கமாக அச்சிடப்பட்ட பட்டு. அணிந்திருந்தவர் மஞ்சக்குப்பத்தைச் சேர்ந்த, அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார். திருப்பலி முடிந்து வெளியே வந்ததும் விசாரித்தோம்.

"பாரீசுல இருக்கிற தங்கச்சி அனுப்பினதுங்க. இதுபோல வீட்டுல பதினொண்ணு இருக்குது. ஒருநாள் வந்து பாருங்க" என்றார்.

சென்று பார்த்தோம். பழைய தகரப் பெட்டி. உள்ளே நைந்து மெத்தென்றிருந்த வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி, மூலைக்கு ஒரு வசம்புத் துண்டு முடிந்து, பதினொரு பட்டுச் சதுரங்களை அடுக்கியிருந்தார். மூன்று திங்களுக்கு ஒருமுறை வெளியே எடுத்து, நிழலில் காற்றாட விரித்து, முன்பு மடித்த மடிப்பில் மடிக்காமல் வேறு மடிப்பாக மாற்றி வைப்பாராம். ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் பட்டு அந்தக் கோட்டிலேயே இற்றுவிடும். அத்தரோ சென்ட்டோ பட்டின்மேல் படக்கூடாது என்றும், பூச்சி உருண்டையை விட வசம்பே நல்லது என்றும் சொன்னார். கூறைப்புடவையைப் பெட்டியில் வைத்திருக்கும் இல்லத்தரசிகள் அனைவருக்கும் இது பொருந்தும்.

மகளுக்கு இதில் உடன்பாடில்லை. சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்டவள், அன்று தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். "ஒரு குட்டையோட விலைக்கு நல்ல காஞ்சிபுரம் சேலையே எடுக்கலாம். சித்தி ஆஸ்பத்திரியில தரை துடைச்சுச் சம்பாதிக்கிற காசு அது" என்றாள். அம்மையார் பதில் பேசவில்லை. பின்னர் நம்மிடம் மட்டும், தங்கை புதியதாக ஒன்றைக்கூட வாங்கியதில்லை என்றும், ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருட் சந்தைகளில் தேடித் தேடிச் சேர்த்தவை இவை என்றும் தாழ்ந்த குரலில் கூறினார்.

இந்தப் பட்டுச் சதுரங்களுக்கு அப்படி என்ன மதிப்பு என்று வாசகர்கள் கேட்கக்கூடும். பாரீசில் 1837ஆம் ஆண்டு குதிரைச் சேணம் செய்யும் பட்டறையாகத் தொடங்கிய எர்மே நிறுவனம், நூறாண்டு கழித்து 1937இல் தன் முதல் பட்டுக் குட்டையை வெளியிட்டது. ஒரு பக்கம் 90 சென்டிமீட்டர் அளவுள்ள சதுரம். ஓவியர் ஒருவர் வரைந்த படத்தை வண்ணம் வண்ணமாகப் பிரித்து, ஒவ்வொரு வண்ணத்திற்கும் தனித்தனி அச்சுச் சட்டம் செய்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பட்டில் ஏற்றுவார்கள். ஒரே குட்டைக்கு முப்பது நாற்பது சட்டங்கள் வேண்டியிருப்பதும் உண்டு. ஒன்று மயிரிழை விலகினாலும் குதிரையின் கண் கன்னத்திற்கு வந்துவிடும். லியோன் நகரத்துப் பட்டறைகளில் இந்த வேலை நடைபெறுகிறது. ஓரங்களைச் சுருட்டித் தைப்பது இன்றும் கையால்தான். இதுவரை வெளிவந்த படங்கள் இரண்டாயிரத்திற்கும் மேல் என்பதால், தபால்தலை சேர்ப்போரைப் போல இவற்றைத் தேடிச் சேர்ப்போர் பல நாடுகளிலும் இருக்கின்றனர்.

வரைந்தவர்களுள் ஒருவரைப் பற்றி மட்டும் சொல்லி அப்பால் செல்வோம். கெர்மிட் ஆலிவர் என்னும் கறுப்பின ஓவியர், அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்து வேக்கோ நகரில் அஞ்சலகத்தில் இரவுப்பணியாகக் கடிதம் பிரித்துக்கொண்டே, 1980களிலிருந்து இந்நிறுவனத்திற்குக் குட்டைகள் வரைந்து கொடுத்தவர். அவர் வரைந்தவற்றைச் சேர்ப்போர் பெரும்பொருள் கொடுத்து வாங்குகின்றனர். அவரோ நெடுங்காலம் அஞ்சலக வேலையை விடவில்லை.

பெட்டியை மூடப் போகும்போதுதான், அடியில் தனியே கிடந்த பன்னிரண்டாவது துணி தெரிந்தது. அது பட்டன்று, பருத்தி. சிவப்பும் மஞ்சளும் பச்சையும் கலந்த கட்டம். "இது தங்கச்சி வீட்டுக்குப் பக்கத்துல இருக்கிற கறுப்பு அம்மா கொடுத்ததாம். குவாதலூப் தீவுக்காரங்க. இதுக்கு அவங்க ஊருல பேரு என்ன தெரியுங்களா? மத்ராஸ்! எனக்கு ஒரே சிரிப்பு. எங்க வீட்டுக்காரர் கட்டுற லுங்கித் துணிதானே இது?" என்றார்.

சிரிப்புக்குரிய செய்திதான். ஆனால் அந்தக் கட்டம் போட்ட துணியின் வரலாறு நம் கடற்கரையிலிருந்து தொடங்குவதால், அதைச் சற்று விரித்துச் சொல்வது நம் கடன்.

நம் பேச்சிலேயே தடயம் இருக்கிறது. முதியோர் சிலர் கைக்குட்டையை இன்றும் 'லேஞ்சி' என்பர். அது போர்த்துக்கீசியரின் 'லென்சோ'. திருமணத்தில் மாப்பிள்ளைக்குக் கட்டும் 'உருமால்' பாரசீகச் சொல். முகம் துடைப்பது என்று பொருள். ஆங்கிலேயர் சொல்லும் 'பண்டானா'வோ கட்டுதல் என்னும் பொருளுடைய இந்தி வேரிலிருந்து சென்றது. வங்காளத்துக் காசிம்பசாரில் முடிச்சிட்டுச் சாயம் தோய்த்த பட்டுக் குட்டைகளுக்கு வழங்கிய பெயர் அது. நம் மதுரைச் சுங்குடிக்கு அது உறவுமுறை. ஆக, இன்று பாரீசு நகரத்துக் கண்ணாடிப் பேழையில் இருக்கும் பட்டுக் குட்டைக்கு முன்னோர் இந்நாட்டில் உண்டு.

கடலூரிலிருந்து சிதம்பரத்திற்குப் பேருந்தில் செல்வோர், புதுச்சத்திரம் கடந்து பி. முட்லூரில் ஒரு சாலை கிழக்கே பிரிவதைப் பார்த்திருப்பர். அது பரங்கிப்பேட்டைக்குச் செல்லும் சாலை. போர்த்துக்கீசியர் 'போர்ட்டோ நோவோ' என்று பெயரிட்ட அத்துறைமுகத்தில் டச்சுக்காரர், டேனிஷ்காரர், ஆங்கிலேயர் யாவரும் துணி வாங்கக் காத்துக்கிடந்தனர். 1733இல் சுவீடன் நாட்டு வணிகர்கூட வந்து பண்டகசாலை வைத்தனர். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கூடி அதை அழித்தனர். கடலூரிலோ 1690இல் ஆங்கிலக் கம்பெனி, செஞ்சியிலிருந்த மராத்தியரிடம் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கியது. பீரங்கிக் குண்டு எட்டும் தூரம்வரை உள்ள ஊர்களும் சேர்த்து விற்கப்பட்டன. கடலூர்க்காரருக்குக் குண்டுச் சாலை தெரியும். அதன் பெயர்க்காரணம் இதுவே. இவ்வளவு பாடும் பெரும்பாலும் துணிக்காக என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

அக்காலத்தில் ஏற்றுமதியான கைக்குட்டை, மூக்குத் துடைக்கும் சிறு துணியன்று. ஏறத்தாழ 36 அங்குலச் சதுரம். (எர்மே குட்டையின் 90 சென்டிமீட்டரும் கிட்டத்தட்ட அதுவே.) துண்டு துண்டாக வெட்டாமல் நீள நெடுக நெய்து அனுப்புவார்கள். அவுரியில் நீலமும் சாயவேரில் சிவப்பும் தோய்த்த நூலைப் பாவாகவும் ஊடையாகவும் இட்டு நெய்ததால் இருபுறமும் ஒரே நிறம். கஞ்சியும் எண்ணெயும் சாயமும் கலந்த அதன் மணத்தை முகர்ந்து பார்த்தே ஆப்பிரிக்க வணிகர் அசலையும் போலியையும் பிரிப்பார்களாம்.

ஆப்பிரிக்காவுக்கு அது எதற்காகச் சென்றது என்பதுதான் கசப்பான பகுதி. தங்கள் நாட்டு நெசவாளரைக் காப்பதற்காக ஆங்கிலேயர், இந்தியப் பட்டையும் அச்சிட்ட பருத்தியையும் தம் மக்கள் உடுத்தக்கூடாதென்று 1701 முதல் தடை செய்தனர். இலண்டனில் இறக்கி வேறு நாடுகளுக்கு அனுப்பத் தடையில்லை. ஆகவே கப்பல்கள் மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குத் திரும்பின. அங்கே சோழமண்டலக் கரைத் துணியைக் கொடுத்து மனிதரை வாங்கினர். புதுச்சேரியின் நீலத்துணிக்குக் 'கினி' என்றே பெயர். விலைபோன மனிதர் கரீபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அதே கடற்கரையின் கட்டம் போட்ட துணி அத்தீவுகளுக்கும் சென்று சேர்ந்தது. நம் தறிகளில் நெய்த துணி அவர்களை விலைக்கு வாங்கவும் பயன்பட்டது. அவர்கள் தலையை மறைக்கவும் பயன்பட்டது. நெய்தவருக்கு இது தெரிந்திருக்க வழியில்லை.

அமெரிக்காவின் லூசியானாவில் 1786இல் ஸ்பானிய ஆளுநர் எஸ்தபான் மிரோ, கறுப்பினப் பெண்கள் தலைமுடியை அலங்கரித்து வெளியே வரலாகாது, குட்டையால் கட்டவேண்டும் என்று ஆணையிட்டார். தாழ்ந்தோர் என்று அடையாளம் காட்டுவதே நோக்கம். அப்பெண்களோ கிடைத்தவற்றுள் மிக அழகிய குட்டைகளைத் தேர்ந்து, கோபுரம்போல் உயர்த்திக் கட்டி வீதியில் நடந்தனர். ஆணை தோற்றது. மார்த்தினிக், குவாதலூப், டொமினிக்கா, செயின்ட் லூசியா தீவுகளில் அக்கட்டு ஒரு மொழியாகவே வளர்ந்தது. ஒரு முனை நீட்டிக் கட்டினால் மனம் யாருக்கும் கொடுக்கப்படவில்லை என்று பொருள். இரண்டு முனை என்றால் நிச்சயமாகிவிட்டது. மூன்று என்றால் மணமானவள். நான்கு முனைக்கும் ஒரு பொருள் உண்டு. குடும்பப் பத்திரிகையில் அதை விளக்காமல் விடுகிறோம்! மார்த்தினிக்கில் வெளிர்க்கட்டங்களின்மேல் தூரிகையால் மஞ்சள் தீட்டி விறைப்பாக்குவதற்கென்றே தொழில்செய்யும் பெண்கள் இருந்தனர்.

1848இல் பிரெஞ்சுத் தீவுகளில் அடிமைமுறை ஒழிந்தது. தோட்டங்களுக்கு ஆள் வேண்டும் என்று 1853 முதல் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து தமிழரையே ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிச் சென்றனர். கரையிறங்கிய நம்மவர், தங்கள் நாட்டுத் துணியைத் தலையில் கட்டிய பெண்களை அங்கே கண்டிருப்பர். அவர்கள் என்ன நினைத்தனர் என்பதை யார் எழுதி வைத்தார்?

சேர்த்து வைப்பதைப் பற்றி ஒரு சொல். நைஜீரியாவில் நைஜர் ஆற்று முகத்துவாரத்தில் வாழும் கலபரி மக்கள் இத்துணியை 'இஞ்சிரி' என்பர். குடும்பத்துக்கு ஒரு பெட்டி. பாட்டி பேத்திக்கென்று தலைமுறையாகக் காத்து வைப்பார்கள். பெரியவர் இறந்தால் பெட்டியைத் திறந்து, அத்துணிகளால் சடலம் கிடத்தும் கட்டிலையும் அறையையும் அலங்கரிப்பார்கள். கட்டத்தில் சில இழைகளை மட்டும் கத்திமுனையால் அறுத்து உருவி, புதிய கோலம் உண்டாக்கும் கலையும் அப்பெண்களுக்கு உண்டு. மஞ்சக்குப்பத்துத் தகரப் பெட்டியைப் பார்த்தபோது நமக்கு அந்தப் பெட்டிகளே நினைவுக்கு வந்தன. மகளின் கணக்கு தவறென்று நாம் சொல்லமாட்டோம். தரை துடைத்த காசின் மதிப்பை அவள் அறிந்தவள். ஆனால் சித்தி அனுப்பியது காசாக மட்டும் வந்ததா என்பது வேறு கேள்வி.

கோயிலில் பெண்கள் தலையை மூடவேண்டும் என்பது 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பில் இருந்தது. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பில் அவ்விதி இல்லை. ஐரோப்பாவில் குட்டையும் வலைத்துணியும் மறைந்தன. நம் பங்குகளில் சேலைத் தலைப்பு இன்னும் தானாகத் தலைக்கு ஏறுகிறது. சட்டம் சொல்லித்தான் ஏறியது என்று சொல்வதற்கில்லை.

அம்மையாரின் பன்னிரண்டாவது துணியை ஒரு நாள் இரவலாகப் பெற்று, லுங்கிக்குப் பெயர்பெற்ற குறிஞ்சிப்பாடிக்கு எடுத்துச் சென்றோம். தறிச்சத்தம் தொடர்ந்து கேட்ட தெருக்களில் இப்போது வீடு விட்டு வீடுதான் கேட்கிறது. பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டனர். குழித்தறியில் இருந்த முதியவர் ஒருவர் நாடாவை நிறுத்திவிட்டுத் துணியை வாங்கினார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். திருப்பிப் பார்த்தார். கட்டை விரல் நகத்தால் இழைகளை எண்ணினார்.

"நூல்சாயம்தான். ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கு. ஆனா நாலு ஓரமும் மடிச்சுத் தைச்சிருக்காங்க பாருங்க, கரை தெரியல. கரை தெரிஞ்சாத்தான் கைத்தறியா, மிஷினான்னு சொல்லலாம்" என்றார். "இது எங்கேயிருந்து வந்தது?"

கரீபியன் தீவுக்காரர் ஒருவர் பாரீசில் கொடுத்தது என்றோம். அங்கே இதற்கு என்ன பெயர் என்று கேட்டார். சொன்னோம். மீண்டும் ஒருமுறை விரித்துப் பார்த்துவிட்டு, கட்டத்தின் கோடு கோட்டின்மேல் விழும்படி நான்காக மடித்துத் தந்தார்.