ஏழு தீவுகள் ஒரு திரையில்

மும்பையின் சர்ச்கேட் ரயில் நிலையத்தை நாள்தோறும் லட்சக்கணக்கானோர் கடந்து செல்கின்றனர். அங்கே வாயில் எதுவும் இல்லை. 1718-இல் கட்டி முடிக்கப்பட்ட புனித தோமா ஆலயத்துக்குச் செல்லும் வழியில் இருந்த கோட்டை வாயிலின் பெயர் அது. 1860களில் கோட்டைச் சுவர் இடிக்கப்பட்டபோது வாயில் போயிற்று. பெயர் மட்டும் தங்கிவிட்டது. இத்தகைய பெயர்கள் நிறைந்த இந்நகரில், சிறியதோர் உள்ளூர் வரலாற்று அருங்காட்சியகம் தொடுதிரை வரைபடம் ஒன்றை அமைக்க விரும்பி, நமது வங்கியின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து உதவி கேட்டது. விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் பணி எங்கள் பிரிவுக்கு வந்தது. கடன் விண்ணப்பத்தைப் பார்க்கும் கண்ணோடுதான் அதையும் பார்த்தோம்.

விண்ணப்பத்தில் 55 அங்குலத் திரையின் விலையும் கணினியின் விலையும் மட்டுமே இருந்தன. திரை என்பது தேய்மானம் உடைய சொத்து. வாங்கிய இரண்டாம் ஆண்டே பழுதாகி, மேலே துணி போர்த்தி மூலையில் நிறுத்தப்பட்ட திரைகளைப் பல காட்சிக்கூடங்களில் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். எனவே ஐந்தாண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், மின்தடையைச் சமாளிக்கும் யூபிஎஸ், இணையம் இல்லாமலும் இயங்கும் அமைப்பு ஆகிய மூன்றையும் மதிப்பீட்டில் சேர்க்கச் சொன்னோம். தொகை உயர்ந்தது. அதைத் தவணைகளாகப் பிரித்து வழங்க ஒப்புதல் கிடைத்தது. பணம் கொடுத்ததோடு எங்கள் பணி முடிந்திருக்கலாம். ஆனால் ஆர்வம் மிகுந்து, விடுமுறை நாட்களில் எங்களில் மூவர் அந்தக் குழுவோடு உட்காரத் தொடங்கினோம்.

திரையில் சொல்ல வேண்டிய கதை எளிதானதன்று. கொலாபா, சின்ன கொலாபா, பம்பாய், மஜ்காவ், பரேல், வர்லி, மாஹிம் என ஏழு தீவுகளாகக் கிடந்த இடம் இது. 1661-ஆம் ஆண்டுத் திருமண ஒப்பந்தத்தின் வழியாகப் போர்ச்சுகீசியரிடமிருந்து ஆங்கிலேய மன்னருக்குச் சென்றது. 1668-இல் ஆண்டுக்குப் பத்து பவுண்டு வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. இன்று தெற்கு மும்பையில் பத்து பவுண்டுக்கு ஒரு வேளை உணவே கடினம் என்று எங்கள் நண்பர் ஒருவர் சொல்வார். 1780களில் வர்லிக்கு அருகே கடல் உட்புகும் வாயை அடைத்து எழுந்த ஹார்ன்பி அணை, 1838-இல் கொலாபா பாலச்சாலை, 1845-இல் மாஹிம் பாலச்சாலை எனத் தீவுகள் ஒன்றோடொன்று சேர்ந்தன. மாஹிம் பாலச்சாலைக்கு ஆவாபாய் ஜீஜீபாய் அம்மையார் 1,57,000 ரூபாய் வழங்கினார். மக்களிடம் சுங்கம் வசூலிக்கக் கூடாது என்பது அவர் விதித்த நிபந்தனை.

திரையின் அடியில் உள்ள ஆண்டுக் கோட்டில் விரலை நகர்த்தினால், கடல் பின்வாங்கி நிலம் வளர்வதைக் காணலாம். 1865-இல் அந்த விரலைச் சற்று நிறுத்த வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்தினோம். அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி விலை ஏறி, பணம் பெருகி, கடலைத் தூர்த்து நிலமாக்கும் கம்பெனிகளின் பங்குகளில் மக்கள் போட்டி போட்டு முதலிட்ட காலம் அது. போர் முடிந்தது, பருத்தி விலை சரிந்தது, கம்பெனிகள் விழுந்தன. 1840-இல் தொடங்கப்பட்ட பாம்பே வங்கியும் அந்த வீழ்ச்சியில் சிக்கி 1868-இல் கலைக்கப்பட்டது. வங்கியில் பணிபுரிவோருக்கு இது பழங்கதையாகத் தோன்றாது. பல வங்கிகளின் தலைமையகங்கள் நிற்கும் நரிமன் பாயிண்ட்கூட அப்போது கடல்தான்.

பழைய வரைபடத்தை இன்றைய நிலத்தின் மீது பொருத்துவதே வேலையில் பெரும்பகுதி. முதலில் தாளைச் சேதமின்றி ஸ்கேன் செய்ய வேண்டும். பின்னர் இரு காலங்களிலும் இடம் மாறாமல் இருக்கும் புள்ளிகளைத் தேட வேண்டும். தோமா ஆலயம், 1833-இல் கட்டி முடிந்த டவுன் ஹால், வர்லி, சிவ்ரி, மாஹிம் கோட்டைகள் ஆகியவை எங்களுக்குக் கைகொடுத்தன. க்யூஜிஐஎஸ் என்னும் இலவச மென்பொருளில் அந்தப் புள்ளிகளை இணைத்தால், காய்ந்து சுருங்கிய வேட்டியை நான்கு முனையிலும் இழுத்துப் பிடிப்பதுபோலப் பழைய தாள் விரிந்து பொருந்தும். எல்லா இடத்திலும் ஒரே அளவாகப் பொருந்தாது. கோட்டைக்குள் ராணுவம் நுணுக்கமாக அளந்திருந்தது. வடக்கே சதுப்பு நிலத்தில் மதிப்பாகக் கோடு இழுத்திருந்தது.

திரையை மேசை போலப் படுக்கையாக அமைத்ததில் எங்களுக்கு மகிழ்ச்சி. சக்கர நாற்காலியில் வருபவருக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் கை எட்டுகிறது. தொண்ணூறு விநாடி யாரும் தொடாவிட்டால் தானாகவே முகப்புக்குத் திரும்பிவிடும். எழுத்துகள் மராத்தி, இந்தி, ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளில் உள்ளன.

சோதனை ஓட்டத்துக்குக் கோலி மீனவர் குடும்பங்களின் பெரியவர்களை அருங்காட்சியகத்தார் அழைத்திருந்தனர். நகரின் பெயருக்குக் காரணமான மும்பாதேவி அவர்கள் வழிபட்ட தெய்வம். திரையைச் சுற்றி நின்று பார்த்த மூதாட்டி ஒருவர், வரைபடத்தில் வெறும் சேறு எனக் குறித்திருந்த இடத்தில் விரலை வைத்து, அது தம் பாட்டி மீன் உலர்த்திய களம் என்றார். அளந்தவர் கண்ணுக்கு அது பயனற்ற நிலம், எனவே பெயரில்லை. மற்றவர்களும் தொடர்ந்து பெயர் சொல்லத் தொடங்கினர். படகு ஏற்றும் துறை, வலை காயவைக்கும் மேடு, ஓதம் ஏறும் ஓடை என ஒரு பிற்பகலில் ஒரு நோட்டுப்புத்தகம் நிறைந்தது.

அப்போதுதான் சிக்கலும் எழுந்தது. கோலிவாடாக்களின் எல்லை எது என்பது இன்றும் தீராத கேள்வி. சில இளைஞர்கள் திரையைக் கைப்பேசியில் படமெடுத்து, எல்லைக் கோட்டைத் தெளிவாகப் போட்டுத் தர முடியுமா என்று கேட்டனர். காட்சிப் பொருளில் உள்ள கோடு நாளை மனுவோடு இணைக்கும் ஆவணமாகலாம். அடமானப் பத்திரங்களோடு வரும் நில வரைபடங்களைப் பார்த்துப் பழகிய எங்களுக்கு, ஒரு கோட்டின் தடிமனே நிலத்தில் எத்தனை அடியாக மாறும் என்பது தெரியும். தவறான கோடு அவர்களுக்கே எதிராகவும் திரும்பக்கூடும். குழுவில் நீண்ட விவாதம் நடந்தது. பெயர்களே வேண்டாம், வீண் வம்பு என்றனர் சிலர். அதை நாங்கள் ஏற்கவில்லை. அளந்தவர் விட்டதை நாமும் விடுவதாகிவிடும் என்றோம். முடிவில் கோடு போடாமல், மங்கலான நிறத்தில் பரப்பாகக் காட்டுவது என்று தீர்மானமாயிற்று. ஒவ்வொரு பெயரைத் தொட்டாலும் சொன்னவரின் குரல் ஒலிக்கும். அது நினைவுச் சான்று, அளவை அன்று என்ற குறிப்பும் தோன்றும். இளைஞர்களுக்கு இது முழு மனநிறைவு தரவில்லை. அவர்கள் வருத்தம் நியாயமானதே.

பார்வையாளர் பெரும்பாலும் முதலில் தேடுவது தம் வீட்டைத்தான். தாராவியிலிருந்து வந்த ஒரு தமிழ்க் குடும்பம், அந்த இடம் முன்பு மீனவர் ஊராகவும், பின்னர் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்தோர் தோல் பதனிட்ட இடமாகவும் இருந்ததைப் பார்த்து வெகுநேரம் நின்றது. இரண்டாம் தவணை நிதியில் மாஹிம், மஜ்காவ் பகுதிப் பெரியவர்களின் குரல்களைப் பதிவு செய்ய உள்ளனர். ஒலிவாங்கி வந்துவிட்டது, மழைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கினால் யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள் என்பதால், பதிவு இந்த மாதமே தொடங்குகிறது.