மரத்துப்போனது கருவியாலா?

சென்ற ஆண்டு ஒரு திங்கட்கிழமைக் காலை, மகளிர் நலப் புறநோயாளர் பிரிவில் 46 வயதுப் பெண்மணி ஒருவர் என் முன் அமர்ந்திருந்தார். சீட்டில் ‘வெள்ளைப்படுதல்’ என்று எழுதியிருந்தது. பரிசோதித்ததில் குறை ஏதும் தென்படவில்லை. மருந்துச்சீட்டை வாங்கிக்கொண்டு கதவுவரை சென்றவர் திரும்பி வந்தார். செவிலியர் வெளியே செல்லும்வரை காத்திருந்தார். பிறகு கேட்டார்: “டாக்டரம்மா, மெஷின் வச்சா அந்த இடம் மரத்துப்போயிடுமா?”

அவர் வந்தது இந்தக் கேள்விக்காகத்தான். பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்த கணவரை மூன்று ஆண்டுகளாக உடனிருந்து கவனித்து வருபவர் அவர். தாம்பத்தியம் தடைப்பட்ட நிலையில், கணவனும் மனைவியும் பேசி முடிவெடுத்து, ‘மசாஜர்’ என்ற பெயரில் விற்கப்படும் அதிர்வுக் கருவி ஒன்றை வாங்கியிருக்கிறார்கள். ஓராண்டுக்காலம் எந்தக் குறையும் இல்லை. பிறகு, சில மாதங்களாக உணர்வு மங்கத் தொடங்கியது. கருவிதான் கெடுத்துவிட்டது என்று அஞ்சி அதைத் தூக்கி எறிந்துவிட்டார். எறிந்து ஆறு வாரங்கள் ஆகியும் உணர்வு திரும்பவில்லை. தாம் செய்த தவற்றுக்குக் கிடைத்த தண்டனை என்றே அவர் எண்ணியிருந்தார்.

இதே கேள்வியை வேறு சொற்களில் ஆண்களும் பெண்களும் எங்களிடம் கேட்டிருக்கிறார்கள். கேட்காமல் திரும்பிச் சென்றவர்கள் எத்தனை பேரோ. ஆகவே இவ்விதழில் அதை வெளிப்படையாகவே எழுதுகிறேன். அந்தப் பெண்மணியின் இசைவுடன், அடையாளங்களை மாற்றியே இங்குக் குறிப்பிட்டுள்ளேன்.

தோல் எவ்வாறு அதிர்வை உணர்கிறது?

காலில் மெட்டி அணிந்திருப்பதை நாள் முழுவதும் எவரும் உணர்ந்துகொண்டிருப்பதில்லை. அணிந்த முதல் நாள் உறுத்துகிறது, பின்பு மறந்துபோகிறது. மாறாமல் ஒரே நிலையில் இருக்கும் தொடுதலை நரம்பு மண்டலம் விரைவில் புறக்கணித்துவிடும். அதிர்வோ ஒரு வினாடிக்குள் பல முறை அழுத்தி அழுத்தி விடுவதால், ஒவ்வொரு முறையும் புதிய தொடுதலாகவே நரம்புக்குச் செல்கிறது. கைவிரலால் எழாத உணர்வு கருவியால் எளிதில் எழுவதற்கு இதுவே முதற்காரணம்.

இவ்வுணர்வைப் பெறுவதற்கென்றே தோலில் நுண்ணிய ஏற்பிகள் அமைந்துள்ளன. இத்தாலியின் பிஸ்டோயா நகரில் 1831-ஆம் ஆண்டு, ஃபிலிப்போ பசினி என்ற மருத்துவ மாணவர் ஒரு கையை அறுத்து ஆராய்ந்தபோது, விரல் நரம்புகளை ஒட்டிச் சிறு மணிகள் போன்ற உறுப்புகளைக் கண்டார். வெங்காயத்தைப் போல் அடுக்கடுக்கான உறைகளைக் கொண்ட அவை இன்று அவர் பெயராலேயே வழங்கப்படுகின்றன. வினாடிக்கு 200 முதல் 300 வரையிலான அதிர்வுகளுக்கு அவை மிகக் கூர்மையாக வினைபுரியும். பிறப்புறுப்பிலும் அவை உண்டு. அத்துடன், அங்கே கிரௌஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர் 19-ஆம் நூற்றாண்டில் விவரித்த வேறு வகை ஏற்பிகளும் செறிந்துள்ளன. அவற்றின் வேலை என்ன என்பது நெடுங்காலம் விளங்காமலே இருந்தது. 2024-இல் எலிகளில் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று, அவை வினாடிக்கு 40 முதல் 80 வரையிலான மெல்லிய அதிர்வுகளை உணர்பவை என்று காட்டியது.

பெண்ணுடலில் இந்நரம்புகள் மிகுதியாக வந்து முடியும் இடம் கிளிட்டோரிஸ். அதில் 8,000 நரம்பிழைகள் உள்ளன என்று நூல்கள் பல காலம் சொல்லி வந்தன. அந்த எண், மாட்டை வைத்துக் கணக்கிடப்பட்டது! மனிதத் திசுவை எடுத்து முதன்முறையாக எண்ணிப் பார்த்த முடிவை 2022-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநில மருத்துவர்கள் வெளியிட்டபோது, எண்ணிக்கை 10,000-ஐத் தாண்டியது. பெண்ணின் உடலைப் பற்றிய எளிய கேள்வி ஒன்றுக்கு விடை கிடைக்க எவ்வளவு காலமாயிற்று என்பதை வாசகர்கள் கவனிக்கலாம்.

இனி மரத்துப்போதலுக்கு வருவோம். முடிதிருத்தும் நிலையத்தில் கையில் மாட்டிக்கொண்டு தலையைப் பிடித்துவிடும் அதிர்வு இயந்திரத்தைப் பலர் அறிவார்கள். ஓரிடத்திலேயே சில நிமிடங்கள் அதை வைத்திருந்தால் அந்த இடம் முதலில் குறுகுறுக்கும், பிறகு மந்தமாகும். நெடுந்தூரம் இருசக்கர வாகனம் ஓட்டி இறங்கியவுடன் உள்ளங்கையில் தோன்றுவதும் இதுவே. அதிர்வு தொடர்ந்து படும்போது ஏற்பிகளின் தொடக்க வரம்பு உயர்கிறது. அதாவது, முன்பு உணர்ந்த அதே அளவை உணர இப்போது கூடுதல் வலு தேவைப்படுகிறது. தண்டுவடமும் மூளையும்கூட அந்தச் செய்தியைத் தணித்தே வாங்கிக்கொள்கின்றன. அதிர்வு நின்றதும் இந்நிலை தானாகவே பழைய அளவுக்கு இறங்கிவிடும். பெரும்பாலும் சில நிமிடங்களில். வலுவாகவும் நீண்ட நேரமும் பயன்படுத்தியிருந்தால் சில மணி நேரத்தில். நரம்பு சாவதில்லை, ஓய்வெடுக்கிறது.

கல்தச்சர்களின் விரல்கள்

“அதிர்வால் நரம்பு கெட்டுப்போன தொழிலாளர்கள் இருக்கிறார்களே” என்று என்னிடம் வாதிட்டவர் உண்டு. அவர் சொன்னது உண்மை. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் பெட்ஃபோர்டு என்னும் ஊர் சுண்ணாம்புக்கல் வேலைக்குப் பெயர்பெற்றது. காற்றழுத்தச் சுத்தியலால் கல் செதுக்கியவர்களின் விரல்கள் குளிர்காலக் காலைகளில் வெளுத்து, உணர்விழந்துபோயின. ஆலிஸ் ஹாமில்டன் என்ற பெண் மருத்துவர் 1918-இல் அங்குச் சென்று ஆராய்ந்தார். உளியைப் பிடித்திருந்த இடக்கை விரல்களே மிகுதியாகப் பாதிக்கப்பட்டிருந்ததை அவர் பதிவு செய்தார். நரம்பும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் ஒருசேரக் கெடும் தொழில்நோய் அது.

ஆனால் அவர்கள் கையில் இருந்தது பாறையை உடைக்கும் கருவி. வேலைநாள் முழுவதும், ஆண்டுக்கணக்கில், இறுகப் பிடித்தபடி, குளிரில் அதை இயக்கினார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் வகுத்த தொழிலகப் பாதுகாப்பு விதி அதிர்வின் வரம்பை எட்டு மணி நேர வேலைநாளைக் கொண்டே கணக்கிடுகிறது. வாரத்தில் சில முறை, சில நிமிடங்கள் பயன்படும் சிறு கருவியை இதனோடு ஒப்பிடுவது பொருந்தாது.

அதே இண்டியானாவின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெப்ரா ஹெர்பெனிக்கும் உடனாய்வாளர்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு நம் கேள்விக்கு நேராக விடை தருகிறது. அமெரிக்கா முழுவதிலிருந்தும் 18 முதல் 60 வயது வரையிலான 2,056 பெண்களிடம் வினவியதில், 52.5 விழுக்காட்டினர் அதிர்வுக் கருவியைப் பயன்படுத்தியவர்கள். அவர்களுள் 71.5 விழுக்காட்டினர், பிறப்புறுப்பில் எந்தத் தொல்லையும் ஒருபோதும் ஏற்பட்டதில்லை என்றனர். ஏனையோருக்கு ஏற்பட்ட எரிச்சலும் மரத்துப்போதலும் அரிதாகவும் குறுகிய நேரத்துக்குமே இருந்தன.

இங்கே இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். நாள்தோறும் ஒரே வேகம், ஒரே இடம், ஒரே அழுத்தம் என்று பழகியவர்கள், “கருவி இல்லாமல் உச்சநிலையை எட்ட முடியவில்லை” என்பார்கள். அது நரம்பின் சேதமன்று, பழக்கம். நாள்தோறும் ஒரே வழியாக வீடு திரும்புபவருக்கு மற்ற தெருக்கள் மறந்துபோவதைப் போன்றது. இரண்டு மூன்று வாரங்கள் கருவியை ஒதுக்கிவைத்துக் கையாலும் துணையாலும் மெதுவாகப் பழகலாம். அல்லது வேகத்தைக் குறைத்து, இடத்தை மாற்றி, மெல்லிய துணியின் மேல் வைத்துப் பயன்படுத்தலாம். மாற வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இருவருக்கும் மனக்குறை இல்லையெனில் அதை நோயாகக் கருதத் தேவையில்லை. “இனி நான் அவளுக்குத் தேவையில்லையா?” என்று கேட்கும் கணவர்கள் உண்டு. அவர்களை மனைவியுடனேயே வரச்சொல்லி, இருவரையும் ஒன்றாக அமரவைத்துப் பேசுவதே என் வழக்கம்.

உணர்வு திரும்பாவிட்டால்

ஒரு நாள் ஓய்வுக்குப் பின்னும் மரத்துப்போதல் நீடித்தால், கருவியை விட்டுவிட்டு வேறு காரணம் தேட வேண்டும். ஆறு வாரங்கள் என்று அப்பெண்மணி சொன்னவுடனேயே என் ஐயம் வேறு பக்கம் திரும்பியது.

முதலில் சர்க்கரை. நீரிழிவு மருத்துவமனைகளில் கால் விரலில் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையை வைத்து “அதிர்வு தெரிகிறதா?” என்று கேட்பதை நம் வாசகர்கள் பலர் கண்டிருப்பீர்கள். அதிர்வை உணரும் நரம்புகள் சர்க்கரை நோயில் மெல்லப் பழுதடைகின்றன என்பதாலேயே அந்தச் சோதனை. அந்நோய் பாதங்களோடு நின்றுவிடுவதில்லை. பிறப்புறுப்பின் நரம்புகளையும் தொடும். அடுத்தது, மாதவிடாய் நிற்கும் காலம். ஈஸ்ட்ரோஜன் குறையும்போது அவ்விடத்துத் தோல் மெலிந்து, உலர்ந்து, உணர்வும் குன்றும். மருத்துவர் பரிந்துரைக்கும் மேற்பூச்சு மருந்துகளால் இதில் நல்ல முன்னேற்றம் உண்டு. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள் மட்டும் தம் புற்றுநோய் மருத்துவரைக் கேட்ட பின்பே தொடங்க வேண்டும். இடுப்பறுவைச் சிகிச்சை, கதிர்வீச்சு, கடினமான பிரசவம், நெடுநேரம் மிதிவண்டி ஓட்டுதல் ஆகியவையும் காரணமாகலாம்.

மிகுதியாகக் கவனிக்கப்படாமல் போகும் காரணம் மாத்திரை. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் பரவலாகத் தரப்படும் எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ரலின், ஃப்ளுவாக்ஸெடின் போன்ற மருந்துகள் பிறப்புறுப்பின் உணர்வை மழுங்கச் செய்து, உச்சநிலையைத் தாமதப்படுத்தவோ தடுக்கவோ கூடும். சிலருக்கு மருந்தை நிறுத்திய பின்னும் இது நீடிப்பதுண்டு. இதை அறிந்ததும் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், உறக்கமின்மை, அழுகை எல்லாம் வரும். அடங்கியிருந்த மனச்சோர்வும் மீளும். அளவைக் குறைக்கவும், இத்தொல்லை குறைவாக உள்ள வேறு மருந்துக்கு மாற்றவும் மனநல மருத்துவரால் இயலும். அதற்கு நீங்கள் சொல்ல வேண்டும். அவர்கள் தாமாகக் கேட்காமல் விடுவதும் குறையே. என் துறையினரையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஒரு நிலையில் மட்டும் காத்திருக்கலாகாது. மிதிவண்டி இருக்கையில் படும் பகுதி முழுவதும் திடீரென மரத்து, கூடவே சிறுநீர் பிரியாமல் தடைப்பட்டாலோ, மலம் அறியாமல் கசிந்தாலோ, கால்கள் தளர்ந்தாலோ, அன்றே அவசரப் பிரிவுக்கு வர வேண்டும். முதுகெலும்பின் அடிப்பகுதியில் நரம்புக் கற்றை நசுங்குவதன் அறிகுறி அது. சில மணி நேரத் தாமதமும் நிரந்தர இழப்பாகக்கூடும்.

தண்டுவடக் காயம் அடைந்தோருக்குத் தனியே ஒரு சொல். குழந்தைப்பேற்றுக்காக விந்து பெறுவதற்கு ஆண்களுக்கு அதிர்வுக் கருவியை மருத்துவர்களே பயன்படுத்துகிறோம். பத்தாவது மார்பு முள்ளெலும்பு மட்டத்துக்கு மேல் காயமுற்றவர்களிடம் அது நன்கு பலனளிக்கிறது. ஆயினும், ஆறாவது மார்பு முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ காயமிருந்தால், அதிர்வின் தூண்டுதலாலேயே இரத்த அழுத்தம் அபாயகரமாக ஏறலாம். முதல் முயற்சி மருத்துவமனையிலேயே நடைபெறட்டும். தலை பிளப்பது போன்ற வலியும், முகத்தில் வியர்வையும் சிவப்பும் தோன்றினால், கருவியை உடனே அகற்றி, நோயாளியை நிமிர்த்தி உட்காரவைத்து, உதவிக்கு அழையுங்கள். உணர்வற்ற தோலில் சிராய்ப்பும் சூடும் தெரியாது என்பதால், பயன்படுத்திய பின் உடனிருப்பவர் அவ்விடத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்கள் அழுத்திப் பயன்படுத்தினால் கன்றிப்போகும். கருவியைச் சோப்பு நீரால் கழுவி உலர்த்துங்கள். பிறருடன் பகிர வேண்டாம்.

அந்தப் பெண்மணிக்குச் சர்க்கரை இல்லை. இசைக்கவையின் அதிர்வைக் கால் விரலிலும் நன்றாக உணர்ந்தார். வேறு மாத்திரை ஏதும் உண்கிறீர்களா என்றேன். இல்லை என்றார். பையைத் திறந்து பார்க்கச் சொன்னேன். கணவரின் மருந்துகளுக்கு இடையே எஸ்சிட்டலோப்ராம் அட்டை ஒன்று இருந்தது. உறக்கமின்றித் தவித்தபோது வேறோரிடத்தில் எழுதித் தந்தது. “அது தூக்க மாத்திரைதானே” என்று எண்ணியிருந்தார். உண்ணத் தொடங்கி ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன.

எங்கள் மனநல மருத்துவர் படிப்படியாக அம்மருந்தை மாற்றினார். இரண்டு மாதங்கள் கழித்து, கணவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு இயன்முறைச் சிகிச்சைக்கு வந்தவர், நடைகூடத்தில் என்னைக் கண்டு நின்றார். முழுமையாக இல்லை, முக்கால்வாசி திரும்பிவிட்டது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, எறிந்த கருவிக்கு 2,800 ரூபாய் கொடுத்திருந்ததாகச் சொல்லி நொந்துகொண்டார். நாற்காலியில் இருந்த கணவர் ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட வாயோடு சிரித்தார்.