மூட்டில் பிறந்த நோய் மூச்சையும் தொடும்!

காலையில் கண் விழித்ததும் விரலை மடக்க முடியாது. கை, கால் மூட்டுகள் வீங்கிக் கிடக்கும். வெகு நேரம் கழித்துத்தான் பிடிப்பு விடும்.

இதுதான் முடக்குவாதம்.

"வெறும் மூட்டு வலிதானே!" என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்குவதால் வரும் நோய் இது. வேலியே பயிரை மேய்கிற கதை! அந்த வேலி மூட்டோடு நிற்பதில்லை. சிலருக்கு நுரையீரலையும் மேய்ந்துவிடும்.

சுரங்கத்தில் தெரிந்த உண்மை

வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் எக்ஸ்ரே படங்களை டாக்டர் கேப்லன் ஆராய்ந்தார். முடக்குவாதம் உள்ள சிலரின் நுரையீரலில் உருண்டை உருண்டையாகக் கட்டிகள் தெரிந்தன! 1953-ல் இதை அவர் வெளியிட்டார். அந்த நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது.

சுரங்கப் பக்கமே போகாதவர்களுக்கும் நுரையீரல் கெடலாம். சிலருக்கு நுரையீரலைச் சுற்றி நீர் கோக்கும். சிலருக்குப் பஞ்சு போன்ற நுரையீரல் தழும்பேறி இறுகிவிடும். இதுதான் பெரிய ஆபத்து. புகை பிடிப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

விடாத வறட்டு இருமல் வரும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். ஆனால், மூட்டு வலியால் அதிகம் நடக்காதவருக்கு மூச்சு வாங்குவதே தெரியாமல் போகலாம்! சி.டி. ஸ்கேன் படமும், குழாயில் ஊதிப் பார்க்கும் சோதனையும் உண்மையைக் காட்டிவிடும்.

சிகிச்சை உண்டு

எதிர்ப்புச் சக்தியின் வேகத்தை அடக்க மைக்கோபினோலேட், ரிட்டுக்சிமாப் போன்ற மருந்துகள் இருக்கின்றன. தழும்பு பரவுவதைத் தாமதப்படுத்த நின்டெடானிப் என்ற மருந்து உண்டு. விழுந்த தழும்பு மறையாது. ஆகவே, சீக்கிரம் கண்டுபிடிப்பதே புத்திசாலித்தனம். இத்தகைய மருந்துகள் சாப்பிடுகிறவர்களைச் சளிக்காய்ச்சல் எளிதில் பிடிக்கும். எனவே, தடுப்பூசி பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள்.

மாத்திரையை நிறுத்தலாமா?

முடக்குவாதத்துக்கு வாரம் ஒரு நாள் சாப்பிடுவது மெத்தோட்ரெக்சேட் மாத்திரை. "அது நுரையீரலைக் கெடுக்கும்" என்று பயந்து, தாங்களாகவே நிறுத்துகிறவர்கள் உண்டு. அபூர்வமாக ஒரு சிலருக்கு அதனால் திடீரென்று நுரையீரல் அழற்சி வருவது உண்மைதான். காய்ச்சலும் இருமலும் மூச்சுத் திணறலும் சேர்ந்து வந்தால் அன்றே டாக்டரிடம் ஓட வேண்டும். ஆனால், நாள்பட்ட தழும்புக்கு அந்த மாத்திரை காரணம் அல்ல என்றே சமீப கால ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. நிறுத்துவதா, தொடர்வதா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

அடுத்த முறை மூட்டு வலிக்கு மருந்து வாங்கப் போகும்போது, மூச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை உயிரைக் காக்கும்!