கட்டைவிரல் மூட்டுச் சீரமைப்பு: தசைநாண் எடுப்பதால் கை வலுவிழக்குமா?

சாவியைத் திருப்பும்போதும் துணியைப் பிழியும்போதும் கட்டைவிரலின் அடிப்பகுதியில் வலி எழுவதுண்டு. மணிக்கட்டை ஒட்டியுள்ள ‘டிரப்பீசியம்’ என்னும் சிற்றெலும்பின் மீதுதான் கட்டைவிரலின் அடியெலும்பு அமர்ந்து அசைகிறது. விரல் நுனிகளால் 1 கிலோ விசையுடன் ஒரு பொருளைப் பற்றினால், அம்மூட்டின் மீது ஏறத்தாழ 12 கிலோ அளவுக்கு அழுத்தம் விழுகிறது. அங்குள்ள குருத்தெலும்பு நாளடைவில் தேய்ந்து, எலும்பும் எலும்பும் உரசுவதே வலிக்குக் காரணமாகும். மாதவிடாய் நின்ற பெண்களிடம் இந்நோய் மிகுதி.

கட்டைவிரல் தாங்கி, வலி நிவாரணி, பயிற்சி, ஸ்டீராய்டு ஊசி ஆகியவையே முதற்கட்ட சிகிச்சைகள். இவை பயனளிக்காதபோதுதான் அறுவை சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது.

என்ன செய்யப்படுகிறது?

தேய்ந்த டிரப்பீசியம் எலும்பு அகற்றப்படும். பின்னர், மணிக்கட்டை உள்நோக்கி மடக்கும் தசைநாண்களுள் ஒன்று, பாதியாகவோ முழுமையாகவோ முன்கையில் துண்டிக்கப்படும். அதன் மறுமுனை, சுட்டுவிரலின் அடியெலும்பில் இயற்கையாகப் பிணைந்துள்ளபடியே விடப்படும். விடுபட்ட முனையைக் கட்டைவிரல் எலும்பில் இட்ட துளை வழியே கோத்து இறுக்குவர். அது புதிய இணைப்பு நாராகப் பயன்படும். எஞ்சிய பகுதியைச் சுருட்டி, எலும்பு இருந்த இடத்தில் மெத்தைபோல் வைப்பர். இது நோயாளியின் சொந்தத் திசுவாதலால் உடல் இதனை நிராகரிப்பதில்லை.

கை வலுவிழக்குமா?

பலரும் அஞ்சுவது இதற்கே. மணிக்கட்டை மடக்கும் பணியை வேறு தசைகளும் செய்வதால், அன்றாட வேலைகளில் இழப்பு பெரும்பாலும் உணரப்படுவதில்லை. சிலருக்கு ‘பால்மாரிஸ் லாங்கஸ்’ என்னும் மெல்லிய தசைநாண் பயன்படுத்தப்படுகிறது. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டைச் சற்று மடக்கினால், நடுவே கயிறுபோல் புடைப்பது இதுவே. பிறவியிலேயே இது இல்லாதவர்களும் குறையின்றிக் கையைப் பயன்படுத்துகின்றனர்.

எனினும், எலும்பை மட்டும் அகற்றுவதைவிடத் தசைநாணையும் பொருத்துவது கூடுதல் நன்மை தரும் என ஒப்பாய்வுகள் உறுதியாக நிறுவவில்லை. ஆகவே, “எனக்கு இம்முறையைத் தேர்ந்தெடுத்தது ஏன்?” என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

பின்னர்…

4 முதல் 6 வாரங்கள் வரை மாவுக்கட்டோ தாங்கியோ தேவைப்படும். தொடக்க நாட்களில் கையை இதயமட்டத்துக்கு மேல் உயர்த்தி வைத்து, மற்ற விரல்களை அடிக்கடி அசைக்க வேண்டும். அதன்பின் இயன்முறைப் பயிற்சி தொடங்கும். வலி குறைந்த பின்னரும் பிடிமானம் திரும்பச் சில மாதங்கள், சிலருக்கு ஓராண்டு வரை ஆகலாம்.

வலக்கையில் சிகிச்சை பெற்றவருக்கு உண்ணவும் பொத்தான் இடவும் தலைவாரவும் உதவி தேவைப்படும்; வீட்டார் இதற்கு முன்கூட்டியே ஆயத்தமாக இருப்பது நன்று.

கட்டைவிரலின் பின்புறம் மரத்திருப்பது பெரும்பாலும் தற்காலிகமானது. நீடித்தால் மருத்துவரிடம் தெரிவியுங்கள். கட்டு இறுகி விரல்கள் வீங்கினாலோ நீலம் பாய்ந்தாலோ, காய்ச்சல், சீழ், அடங்காத வலி இருந்தாலோ, அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.