வந்தேறியின் மனம் அறிந்தவர் யார்? – யூதரின் பழநூலில் ஓர் ஏடு

இரண்டாம் உலகப் போர் ஓய்ந்து ஓராண்டு கழிந்திருந்தது. நாசிகளின் கொலைக்களங்களிலிருந்து உயிர் தப்பிய யூதர்கள் ஜேர்மனியிலும் ஒஸ்திரியாவிலும் இத்தாலியிலும் அகதி முகாம்களில் அடைபட்டுக் கிடந்தார்கள். போருக்குப் பிந்திய அந்த ஆண்டுகளில் அவர்களின் தொகை சுமார் 250,000 வரை உயர்ந்தது. ஊருக்குத் திரும்ப வழியில்லை; திரும்பினாலும் அங்கே உறவென்று சொல்ல எவருமில்லை. ஏற்றுக்கொள்ள முன்வந்த நாடுகளும் மிகச் சிலவே. பாணுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்ற அம்மக்களின் சார்பில் 1946ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவத்திடம் ஒரு விண்ணப்பம் சென்றது. உடை வேண்டும், மருந்து வேண்டும் என்பதல்ல அவ்விண்ணப்பம். தல்மூத் என்னும் தம் பழநூலை அச்சிடத் தாளும் அச்சகமும் வேண்டும் என்பதே அது. விண்ணப்பித்தவர்கள் ஸ்னீக், றோஸ் என்னும் இரு ரபிமார்கள்; டாக்கௌ முகாமிலிருந்து மீண்டவர்கள்.

தாளுக்குக் கடும் பஞ்சம் நிலவிய காலம் அது. ஆயினும் இராணுவம் இணங்கியது. படியெடுப்பதற்கு ஜேர்மனியில் ஒரு முழுத் தொகுதிகூட அகப்படவில்லை, எல்லாம் எரிந்துபோயிருந்தன. நியூயோர்க்கிலிருந்து தொகுதிகளைத் தருவித்து, ஹைடல்பேர்க் நகரில் 19 பாகங்களாக அச்சிட்டார்கள். முதற்பாகம் 1948ஆம் ஆண்டைத் தாங்கி வெளிவந்தது. அதன் முகப்பேட்டின் அடியில் முள்வேலியும் முகாமும் வரையப்பட்டுள்ளன. மேலே பனை இனத்து மரங்களும் புனித பூமியின் காட்சியும்.

நாடிழந்து வந்த எமக்கு இச்செய்தி ஒரு கேள்வியை எழுப்புகின்றது. எல்லாவற்றையும் இழந்த மக்கள் இந்த நூலை ஏன் கேட்டார்கள்? பதிலைத் தேடுவதற்கு நூலைப் பற்றிய புகழுரைகள் உதவமாட்டா. ஓர் ஏட்டையேனும் திறந்து பார்த்தல் வேண்டும்.

தல்மூத் வேதநூலன்று. மோசேயின் ஐந்து ஆகமங்களாகிய தோராவே யூதரின் வேதம். கி.பி. 70இல் உரோமர் யெருசலேம் ஆலயத்தை இடித்தபின், பலியுமில்லை பீடமுமில்லை என்றான நிலையில், அவ்வேதத்தை இனி எவ்வாறு வாழ்வது என்று ரபிமார்கள் தலைமுறை தலைமுறையாக வாதாடினார்கள். அவ்வாதங்களின் பதிவே தல்மூத். பபிலோனிய நாட்டில் ஏறத்தாழ ஆறாம் நூற்றாண்டளவில் திரண்ட தொகுதியே பெரியது. ஏட்டின் நடுவே மூலம். ஒரு பக்கத்தில் பதினோராம் நூற்றாண்டில் பிரான்சின் திறுவா நகரில் வாழ்ந்த ராஷியின் உரை. மறுபக்கத்தில் அவர் பேரர்களும் மாணாக்கர் வழியினரும் அவ்வுரையையே மறுத்தெழுதிய குறிப்புகள். குறளுக்குப் பரிமேலழகர் உரையையும் மணக்குடவர் உரையையும் பக்கத்தில் வைத்துப் படித்தவர்களுக்கு இவ்வமைப்பு அந்நியமாகத் தோன்றாது. ஒரு வேறுபாடு உண்டு. வாதத்தில் தோற்றவரின் கூற்றையும் இந்நூல் பெயர் சுட்டிக் காத்து வைத்திருக்கின்றது.

நாம் திறப்பது பாவா மெட்சியா என்னும் பிரிவின் 59ஆம் ஏட்டின் பின்பக்கம். வாணிபச் சட்டம் பற்றிய பகுதி அது. அளவையிலும் விலையிலும் ஏமாற்றுதல் குற்றம் என்று சொல்லி வந்த ரபிமார்கள், சொல்லால் வருத்துதல் அதனினும் பெரிய குற்றம் என்று திரும்புகிறார்கள். வாங்கும் எண்ணமின்றிக் கடைக்காரரிடம் விலை கேட்டு அலைக்கழித்தல் ஆகாது. திருந்தியவனுக்கு அவன் பழைய செயலை நினைவூட்டல் ஆகாது. மற்றவர் முன்னிலையில் ஒருவனை நாணச் செய்தல் இரத்தம் சிந்துதலுக்கு ஒப்பாகும். அவன் முகத்திலே சிவப்பு மறைந்து வெளுப்பு ஏறுவதை நாம் காண்பதில்லையா என்று காரணமும் கூறுகிறார்கள். எம்மவர் கூடும் ஒன்றுகூடல்களில், புதிதாக வந்த ஒருவரிடம் "உம்முடைய கேஸ் என்ன மாதிரி?" என்று பலர் கேட்க உரத்து வினவுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும்.

இந்த இடத்திலேதான் புகழ்பெற்ற போறணைக் கதை வருகின்றது. துண்டு துண்டாக அறுத்து, இடையிடையே மணல் இட்டுப் பொருத்திய மண் போறணை ஒன்று. அது தீட்டுப்படுமா, படாதா என்பது வழக்கு. படாது என்றார் ரபி எலியேசர். படும் என்றனர் ஏனையோர் அனைவரும். எலியேசர் எல்லா நியாயங்களையும் எடுத்துரைத்தார், எவரும் ஏற்கவில்லை. என் பக்கம் நியாயமிருந்தால் அந்த மரம் சாட்சி சொல்லட்டும் என்றார். மரம் வேரோடு பெயர்ந்து 100 முழம் தள்ளி நின்றது. மரத்தின் சாட்சி செல்லாது என்றார்கள். வாய்க்கால் பின்னோக்கி ஓடிற்று, அதுவும் செல்லாது. கல்வி மண்டபத்தின் சுவர்கள் சாய்ந்தன. அறிஞர் வாதிடும் இடத்தில் உங்களுக்கு என்ன வேலை என்று ரபி யோசுவா சுவர்களை அதட்டினார். யோசுவாவின் மதிப்புக்காக அவை விழவில்லை. எலியேசரின் மதிப்புக்காக நிமிரவுமில்லை. சாய்ந்தபடியே நின்றன. இறுதியில் வானத்திலிருந்தே குரல் எழுந்து எலியேசரே சரி என்றது. யோசுவா எழுந்து நின்று, சட்டம் விண்ணிலில்லை என்னும் பொருளுடைய வேத வாக்கையே விண்ணுக்கு எதிராக எடுத்துக் காட்டினார். வேதம் மனிதரிடம் கொடுக்கப்பட்டாயிற்று. இனிப் பெரும்பான்மையின் முடிவே முடிவு. அவ்வேளை இறைவன் என்ன செய்தார் என்று பிற்பாடு எலியா தீர்க்கதரிசியிடம் கேட்டபோது, என் பிள்ளைகள் என்னை வென்றுவிட்டார்கள் என்று கூறிச் சிரித்தார் எனப் பதில் வந்ததாம்.

இக்காலத்தவர்க்கு இக்கதையின் இந்தப் பாதி மிகவும் உவப்பானது. மனித அறிவின் சுதந்திரத்துக்கும் சனநாயகத்துக்கும் இதனை மேற்கோள் காட்டாத யூத எழுத்தாளர் குறைவு. கதையை இவ்விடத்தில் நிறுத்திவிடுவோரும் பலர். ஆனால் ஏடு நிற்கவில்லை. அண்மைக் கால ஆய்வாளர்கள் வற்புறுத்துவது மறுபாதியைத்தான். அவர்கள் பக்கமே எமக்கும் நியாயம் தெரிகின்றது.

வென்ற பெரும்பான்மையினர் அதனோடு அமையவில்லை. எலியேசர் தூயவை என்று தீர்ப்பளித்த பொருள்களையெல்லாம் கொண்டுவந்து எரித்தார்கள். வாக்கெடுத்து அவரைச் சமூகத்திலிருந்து விலக்கி வைத்தார்கள். யார் போய் அவரிடம் சொல்வது? நயமறியாத ஒருவர் சொன்னால் உலகமே அழிந்துவிடும் என்றஞ்சி, அவர் மாணாக்கர் அக்கிபா தாமே சென்றார். கறுப்பு உடுத்து, கறுப்புப் போர்த்து, நாலு முழம் தள்ளி அமர்ந்தார். இன்று ஏன் இந்தக் கோலம் என்று ஆசிரியர் கேட்டார். தோழர்கள் தங்களை விட்டு ஒதுங்குவதாகத் தோன்றுகிறது என்றார் மாணாக்கர். விலக்கினார்கள் என்ற சொல்லை அவர் வாய் உச்சரிக்கவில்லை. எலியேசர் தம் ஆடையைக் கிழித்து, பாதணி கழற்றி, தரையில் அமர்ந்து அழுதார். அக்கண்ணீரால் உலகின் ஒலிவ மரங்களில் மூன்றிலொரு பங்கும், கோதுமையில் மூன்றிலொரு பங்கும், வாற்கோதுமையில் மூன்றிலொரு பங்கும் கருகின.

விலக்கிய அவையின் தலைவர் கமாலியேல். எலியேசரின் மனைவி இம்மா ஷாலோம் அவருடைய உடன்பிறந்த சகோதரி. கணவன் முகங்குப்புற வீழ்ந்து மன்றாடினால் அண்ணனின் உயிர் போய்விடும் என்றறிந்த அவ்வம்மையார் நாள்தோறும் கணவனைக் காவல் காத்தார். ஒருநாள் வாசலில் ஓர் ஏழை வந்து நின்றான். அவனுக்குப் பாண் கொடுக்கச் சென்றார் என்று ஒரு பாடம் கூறுகின்றது. திரும்பி வந்தபோது கணவன் தரையில் வீழ்ந்து கிடந்தார். எழுந்திரும், என் சகோதரனைக் கொன்றுவிட்டீர் என்றார் அவர். அதே கணத்தில் கமாலியேல் வீட்டிலிருந்து சாவறிவிக்கும் கொம்பு ஒலித்தது. எவ்வாறு அறிந்தாய் என்று கேட்ட கணவனுக்கு, எல்லா வாயில்களும் அடைபட்டாலும் புண்பட்டவரின் முறையீட்டுக்குரிய வாயில் அடைபடுவதில்லை என்று பாட்டனார் வீட்டில் கேட்டிருப்பதாகக் கூறினார்.

சட்டப்படி பெரும்பான்மையே சரி. அதனை இந்த ஏடு எங்கும் மறுக்கவில்லை. ஆயினும் சரியான தீர்ப்பை வழங்கியவர்கள் ஒரு மனிதனை நொறுக்கிய பாவத்துக்கு நீங்கியவர்களல்லர் என்பதையும் அது சேர்த்தே எழுதி வைத்திருக்கின்றது. எழுதி வைத்தவர்களோ, வென்ற பெரும்பான்மையினரின் வழிவந்தவர்கள்.

அடுத்த பகுதி அந்நியரைப் பற்றியது. தோராவிலே 36 இடங்களில், 46 என்போரும் உளர், அந்நியனைக் குறித்து எச்சரிக்கை வருகின்றது என்று ஒருவர் எண்ணிச் சொல்கிறார். சொல்பவர் பெயரைப் பாருங்கள்: பெரியவர் எனப்பட்ட ரபி எலியேசர். சற்றுமுன் விலக்கி வைக்கப்பட்ட அதே மனிதர். தொகுத்தவர்கள் இதனை வேண்டுமென்றே இவ்விடத்தில் வைத்தார்களா என்பது வாதத்துக்குரியது. ஆனால் வாசிப்பவர் கண்ணுக்கு அது தப்பாது. அவர் காட்டும் காரணம் இனிமையானதன்று என்பதையும் மறைக்கலாகாது. அந்நியனின் இயல்பு பொல்லாதது, வருத்தினால் பழைய வழிக்கே திரும்பிவிடுவான் என்பதே அது.

எபிரேய மொழியில் அச்சொல் 'கேர்'. வேறிடத்திலிருந்து வந்து குடியிருப்பவன் என்பது பழம்பொருள். எங்கள் ஊர் வழக்கில் சொன்னால் வந்தான் வரத்தான். ரபிமார்கள் பெரும்பாலும் இதனை யூத சமயத்துக்கு மாறியவன் என்று சுருக்கிக்கொண்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேதான் பழைய அகலத்துக்கு மீளும் முயற்சி வலுப்பெற்றது. ஜேர்மனியில் தல்மூத் பிறரை வஞ்சிக்க அனுமதிக்கிறது என்று ஒரு பள்ளி ஆசிரியர் கூறியதால் எழுந்த வழக்கில், 1888இல் மார்பேர்க் நீதிமன்றம் ஹெர்மன் கோஹன் என்னும் மெய்யியல் பேராசிரியரின் கருத்தை நாடியது. அந்நியனை நேசி என்ற கட்டளையிலேதான் மனிதன் சக மனிதனைக் கண்டுபிடித்தான் என்பது கோஹனின் வாழ்நாள் வாதமாயிற்று.

எகிப்தில் நீங்களும் அந்நியராயிருந்தீர்கள், ஆகவே அந்நியனை வருத்தாதீர்கள் என்பது வேதம் தரும் காரணம். இந்த 'ஆகவே' எப்படிப் பொருந்துகிறது என்று உரைகாரர் பிரிகிறார்கள். ராஷியின் விளக்கம் உலகியல் சார்ந்தது. நீ அவனைப் பழித்தால் அவன் உன்னைத் திருப்பிப் பழிப்பான். நீயும் வந்தேறியின் பிள்ளைதானே. மேற்சொன்ன ஏட்டில் ரபி நாத்தான் கூறியதும் இதுவே: உன்னிடமுள்ள குறையைப் பிறனிடம் சுட்டாதே. அதற்குச் சான்றாகப் பொதுமக்கள் பேச்சொன்றும் அங்கே வருகின்றது. உறவினன் தூக்கிலிடப்பட்ட வீட்டிலே போய், இந்த மீனைக் கொஞ்சம் தொங்கவிடு என்று கேட்கக் கூடாதாம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்து முதுமையில் நாடு நீங்க நேர்ந்த ரம்பான் வேறுவிதமாகச் சொல்கிறார். அவனுக்குக் கேட்க ஆளில்லை என்று எண்ணாதே. எகிப்தில் உனக்கும் ஆளில்லை என்றுதான் பார்வோன் எண்ணினான்.

இவ்விரு உரைகளையும் எடுத்து நிறுத்தி இக்காலத்தின் கேள்வியைக் கேட்டவர் ஒரு பெண்மணி. பல நூற்றாண்டுகள் பெண்களுக்கு மூடிக் கிடந்த கல்வி இது என்பதால் அதுவே ஒரு செய்திதான். நெகாமா லைபோவிட்ஸ் 1905இல் ரீகா நகரில் பிறந்து, பேர்லினில் கற்று, 1930இல் யெருசலேம் சென்றவர். தான் பட்ட துன்பத்தின் நினைவு மட்டும் ஒருவனைப் பிறருக்குத் துன்பம் செய்யாமல் தடுத்துவிடாது என்று அவர் எழுதினார். அடிமையாயிருந்தவன் அதிகாரம் கிட்டியதும் கொடுங்கோலனாக மாறுவதை நாம் காண்கிறோம் அல்லவா? அதனாலேதான் நினைவு போதாமற் கட்டளையும் வேண்டியிருந்தது, அதுவும் இத்தனை தடவை.

ஹைடல்பேர்க்கில் தல்மூத் அச்சேறிய 1948ஆம் ஆண்டிலேயே இஸ்ரேல் என்னும் நாடும் தோன்றியது. அதே போரிலே சுமார் 700,000 பலஸ்தீனர்கள் அகதிகளானார்கள். வேதத்தை நிலத்தின் உறுதிப்பத்திரமாகக் காட்டி அவர்தம் காணிகளைப் பறிப்போர் இன்றும் உளர். அதே வேதத்தின் 36 இடங்களைக் காட்டி அவர்களைத் தடுக்க நிற்கும் ரபிமார்களும் உளர். 1988இல் மனித உரிமைகளுக்கான ரபிமார் என்று அமைப்புக் கண்டவர்கள், பலஸ்தீன விவசாயிகளோடு ஒலிவ அறுவடைக்குச் சென்று துணை நிற்கிறார்கள்.

இதனை எழுதும்போது எம் வீட்டு மீனையும் நாம் மறக்கவியலாது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது கண்ணீர் விட்டவர்கள் நாம். 1990 ஒக்ரோபரில் அதே யாழ்ப்பாணத்தில், எங்கள் மொழி பேசிய முஸ்லிம் மக்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் ஊரை விட்டுத் துரத்தப்பட்டார்கள். துரத்தியது எம் தரப்பு. அன்று எம்மிற் பெரும்பாலோர் வாய் திறக்கவில்லை. இப்பத்திரிகையின் வாசகர் வீடுகளில் இன்னும் பேசப்படாத விடயம் அது.

நெகாமா அம்மையார் இக்கேள்விகளை எழுப்பிய முறையையும் சொல்லிவிடுவோம். 1942இல் தம்மிடம் கற்ற பெண்கள் சிலர் தொடர்ந்து படிக்க விரும்பியதால், வாரத்துக்கு ஒரு தாளாகத் தட்டச்சிட்டுப் படியெடுத்துத் தபாலில் அனுப்பத் தொடங்கினார். ஏறத்தாழ 30 ஆண்டுகள், 1971 வரை அது நின்றதில்லை. தாளிலே விடை இராது. உரைகாரர்களின் கூற்றுகளும் அவற்றின் மீதான வினாக்களும் மட்டுமே இருக்கும். கடினமான வினாவுக்கு ஒரு குறுக்குக் குறி, மிகக் கடினமானதற்கு இரண்டு. இல்லத்தரசிகளும் போர்வீரர்களும் ஆசிரியர்களும் விவசாயக் குடியிருப்பினரும் விடையெழுதித் தபாலில் அனுப்பினார்கள். அவர் ஒவ்வொன்றையும் தாமே வாசித்து, சிவப்பு மையினாலே திருத்தி, எழுதியவருக்கே திருப்பி அனுப்பினார்.