சின்ன மீன்களோடு எந்த நட்சத்திர மீனை வளர்க்கலாம்?

உப்புநீர்த் தொட்டியில் கோமாளி மீன், கோபி, ஃபயர் ஃபிஷ் என்று சின்ன மீன்களை வைத்திருப்பவர்கள் அடுத்து ஆசைப்படுவது பெரும்பாலும் நட்சத்திர மீனுக்குத்தான். மெல்ல ஊர்கிறது, யாரையும் துரத்துவதில்லை, அதனால் ஆபத்தில்லை என்று வாங்கிவிடுகிறார்கள். சில வகைகள் மீனையே தின்னும். வேறு பல வகைகள் தொட்டியில் தீனி கிடைக்காமல் செத்து அழுகும். அந்தத் தண்ணீரில் மீன்களும் சாகும். இந்த இரண்டாவது கேடுதான் அதிகம் நடக்கிறது, ஆனால் வாங்கும்போது யாரும் அதை நினைப்பதில்லை.

இரவில் வேட்டையாடும் பச்சை நட்சத்திரம்

கிரீன் பிரிட்டில் ஸ்டார் என்று விற்கப்படும் ஓஃபியாராக்னா இன்கிராசாட்டாவைச் சின்ன மீன் இருக்கும் தொட்டியில் விடவே கூடாது. விலை குறைவு, உடம்பு உறுதி. அதனால்தான் புதிதாக வளர்ப்பவர்கள் கையில் இது எளிதாகப் போய்ச் சேர்கிறது. முழு வளர்ச்சியில் கைகளை விரித்தால் அரை மீட்டரை நெருங்கும்.

பகலெல்லாம் பாறை இடுக்கில் கிடக்கும். விளக்கு அணைந்ததும் கை நுனிகளைத் தரையில் ஊன்றி, நடுவில் உள்ள வட்ட உடலை மேலே தூக்கி, பந்தல் போட்டது போல அசையாமல் நிற்கும். படுக்க இடம் தேடி வரும் சின்ன மீன் அதைப் பொந்து என்று எண்ணி அடியில் நுழையும். உடனே கைகள் முறுக்கிக்கொண்டு மூடும்; உள்ளே போனது வெளியே வராது. காலையில் மீனின் உடல்கூடக் கிடைக்காது. துள்ளி வெளியே விழுந்துவிட்டது போலும் என்று தொட்டிக்குப் பின்னால் தேடிக்கொண்டிருப்பார்கள். தீனி ஒழுங்காகப் போட்டால் மீனைத் தொடாது என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. அதை நம்ப வேண்டாம். வயிறு நிறைந்திருந்தாலும் கைக்கு எட்டுவதை அது விடாது. நல்ல தீனி அதை இன்னும் வேகமாகப் பெரிதாக்கும்.

அடையாளம் காண்பது கடினமில்லை. பச்சை உடல், தடித்த கைகள், கைகளின் இருபுறமும் குத்திட்டு நிற்கும் வரிவரியான முட்கள்.

சின்ன மீனோடு ஒத்துப்போகும் வகை

செர்பென்ட் ஸ்டார் என்று கேட்டு வாங்குங்கள். பச்சை வகைக்கு உறவுதான், ஆனால் இதன் கை முட்கள் குட்டையாகப் படிந்திருப்பதால் கை வழவழப்பாகத் தெரியும். சிவப்பு நிறத்திலும், வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை போட்டும் கிடைக்கும். மீன் தின்றது போக மிச்சமாகி, பாறைக்கடியில் சிக்கி அழுகவிருக்கும் தீனியைத் தேடித் தின்பதுதான் இவற்றின் பிழைப்பு. தொட்டிக்குச் சுத்தம், மீனுக்கும் ஆபத்தில்லை. வாரம் இரண்டு முறை சிறு இறால் துண்டு ஒன்றை இடுக்கியில் பிடித்து அருகில் நீட்டினால் போதும். வாசனை பட்டதும் கை நீண்டு வந்து வாங்கிக்கொள்ளும். என்னைக் கேட்டால், நூறு நூற்றைம்பது லிட்டர் தொட்டிக்கு இதில் ஒன்றே போதும், வேறு நட்சத்திரம் வேண்டாம்.

பட்டினியில் சாகும் நீல நட்சத்திரம்

கண்ணைப் பறிக்கும் புளூ லிங்கியா மீனைத் தின்னாது. ஆனால் பாறைமேல் படியும் நுண்ணுயிர்ப் படலத்தை மேய்ந்து வாழ்வது அது. சாதாரண வீட்டுத் தொட்டியில் அதற்குப் போதுமான மேய்ச்சல் இல்லை. பல மாதம் நன்றாக இருப்பது போலத் தெரியும், உள்ளுக்குள் வற்றிக்கொண்டே வரும். ஒருநாள் கை நுனி வெளுத்துக் கரையத் தொடங்கும். சிவந்த சிறிய ஃப்ரோமியா கொஞ்சம் தேவலாம். அதற்கும் குறைந்தது ஒரு வருடம் பழகிய, லைவ் ராக் நிறைய உள்ள பெரிய தொட்டி வேண்டும். மணலைத் துழாவும் ஆஸ்ட்ரோபெக்டன், மணலில் உள்ள சிற்றுயிர்களைத் தின்று தீர்த்தபின் மணலுக்குள்ளேயே பட்டினி கிடந்து செத்துவிடும். வெளியே தெரியவும் தெரியாது.

மன்னார் வளைகுடாவில் வலையில் வந்து விழும், சிவப்புக் குமிழ்கள் நிறைந்த பெரிய நட்சத்திரத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். அது 30 செ.மீ. வரை வளரும், பவளம், கடற்பஞ்சு, சிப்பி எதையும் விடாது. வீட்டுத் தொட்டிக்கு ஏற்றதல்ல.

வாங்கும்போதும் விடும்போதும்

நட்சத்திர மீனுக்கு ரத்தம் கிடையாது. உடம்புக்குள் குழாய்களில் ஓடுவது கிட்டத்தட்டக் கடல்நீரேதான். அதனால் உப்பு அளவு சட்டென்று மாறினால் மீனைவிட முன்னால் அடிபடுவது இதுதான். பல கடைகளில் உப்புச் செலவைக் குறைக்க 1.020 அடர்த்தியில் தண்ணீர் வைத்திருப்பார்கள். உங்கள் தொட்டியில் 1.025 இருக்கும். கடைத் தண்ணீரை அளந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஏர் டியூப்பில் முடிச்சுப் போட்டு, நொடிக்கு இரண்டு மூன்று சொட்டாகத் தொட்டித் தண்ணீரை இறக்கி, இரண்டு முதல் நான்கு மணி நேரம் பழக்க வேண்டும். தண்ணீரைவிட்டு வெளியே தூக்காமல் பாத்திரத்தோடு இறக்குவது நல்லது.

கடையிலேயே தண்ணீருக்குள் மெல்லப் புரட்டிப் போடச் சொல்லுங்கள். ஆரோக்கியமானது சில நிமிடங்களில் தானே திரும்பிக்கொள்ளும். கை தொய்ந்து கிடந்தாலோ வெள்ளைத் திட்டு, வழவழப்பான படலம் தெரிந்தாலோ வேண்டாம்.

செத்தால் உடனே எடுங்கள்

அழுகும் நட்சத்திரத்திலிருந்து அம்மோனியா பெருகும். உப்புநீரின் பி.எச். 8.1 முதல் 8.4 வரை இருப்பதால், அதே அளவு அம்மோனியா நன்னீரைவிட இங்கே கூடுதல் விஷம். மீன்கள் மேற்பரப்பில் வந்து மூச்சு வாங்கினால் முதலில் நட்சத்திரம் எங்கே என்று பாருங்கள். அதை எடுத்துவிட்டுக் கால்வாசித் தண்ணீரை மாற்றி, ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்கள்.

மருந்து ஊற்றும் முன்

கடல் மீன்களுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் தாமிர மருந்து ஊற்றுவதும், உப்பு அளவை 1.009 வரை இறக்குவதும் வழக்கம். இரண்டுமே நட்சத்திர மீனைக் கொன்றுவிடும். நோயுற்ற மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றித்தான் வைத்தியம் பார்க்க வேண்டும்.

உங்கள் கையையும் கவனியுங்கள்

மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற கிருமி மீன் தொட்டிகளில் இருக்கக்கூடும். கையில் கீறலோ புண்ணோ இருக்கும்போது தொட்டிக்குள் கைவிட்டால் அது தோலுக்குள் புகும். பெரும்பாலும் சில வாரங்கள் கழித்து, விரலிலோ புறங்கையிலோ சிவந்த கட்டி எழும்பும்; அவ்வளவாக வலிக்காது, ஆறவும் ஆறாது. சாதாரணக் கொப்புளம் என்று களிம்பு தடவிக்கொண்டே நாளைக் கடத்துபவர்கள் அதிகம். இதற்கு மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் எடுக்க வேண்டியிருக்கும். முழங்கை வரை நீளும் ரப்பர் கையுறை போடுங்கள். தண்ணீரை வாயால் உறிஞ்சிக் குழாயில் இறக்காதீர்கள். ஆறாத புண்ணோடு டாக்டரிடம் போனால், வீட்டில் மீன் தொட்டி இருப்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.