செடியை அளந்த விஞ்ஞானி

கொல்கத்தாவில் ஆசார்ய பிரபுல்ல சந்திரர் சாலை வழியே செல்லும் தமிழன்பர்கள் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைக் கண்டிருப்பர். 1917ஆம் ஆண்டு அதனை நிறுவிய ஜகதீச சந்திர போஸ், செடியின் வளர்ச்சியை 10,000 மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராப் என்னும் கருவியை அமைத்தார்.

குறித்த கால அளவுதோறும் புகை படிந்த கண்ணாடியில் ஒரு புள்ளி விழும். புள்ளிகளின் இடைத்தூரத்தை 10,000ஆல் வகுத்தால் உண்மை வளர்ச்சி விளங்கும். முதலில் இயல்பான வளர்ச்சியைப் பதிந்து, பின்னர் ஒரே ஒரு நிலையை மட்டும் மாற்றி மீண்டும் அளத்தல் வேண்டும். அப்போதுதான் வேறுபாட்டின் காரணம் புலனாகும்.

அவருடைய பிற்காலக் காந்தக் கருவியை இலண்டனில் சிலர் ஐயுற்றனர். 1920இல் அறிஞர் முன்னிலையில் போஸ் அதனை இயக்கிக் காட்டினார். பதிவு சரியே என அவர்கள் ஒப்பினர். அளந்தவர் எத்துணைப் புகழுடையவராயினும், பிறர் கண்முன் மீண்டும் அளந்து காட்டிய பின்னரே முடிவு நிலைபெறும்.